பேரனின் வெள்ளைப் பொம்மை



சிங்கப்பூரில் மகள் வீட்டுக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. போன மாதம் பாளையங்கோட்டையில் நம் வீட்டுக் கல்யாணத்துக்கு மகள் மட்டும் வந்துவிட்டுத் திரும்பினாள். வந்த அன்றைக்கு இரவு சாப்பிடும்போதே அவள் முகம் சரியில்லை. மெல்லக் கேட்டேன். மண்டபத்தில் ஆளாளுக்கு விசாரித்திருக்கிறார்கள். "பதினாறு வயசுப் பையன் இன்னும் பொம்மை வச்சு விளையாடுதானாமே?" என்று ஒரு மதினி. "பாலிடெக்னிக்ல போடப் போறீங்களாமே, மார்க்கு வராதோ?" என்று ஒரு சித்தப்பா. பரிதாபப்பட்டுத்தான் கேட்டார்கள், குத்தலாக இல்லை என்று மகளே சொன்னாள். பரிதாபம்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

நம் குடும்பத்தில் பாதிப்பேர் இந்தப் பக்கத்தை வாசிக்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் போன் போட்டுச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஆகவே மொத்தமாக எழுதிவிடுகிறேன். என்னிடம் வேதியியல் படித்த பிள்ளைகளுக்கும் இதில் கொஞ்சம் பாடம் இருக்கிறது. வழக்கம்போல் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பொம்மை என்ன என்று சொல்கிறேன். குழந்தைகள் விளையாடுகிற பொம்மை இல்லை அது. பெட்டியிலேயே 15 வயதுக்கு மேல் என்று அச்சடித்திருக்கும். ஓவியர்களும் வடிவமைப்பாளர்களும் தாங்களே உருவம் யோசித்து, நூறு, இருநூறு, ஐந்நூறு என்று கணக்காகச் செய்து விற்கிற வினைல் பொம்மைகள். சினிமாவிலோ கார்ட்டூனிலோ வந்த உருவமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஓவியருடைய மனதில் தோன்றியதுதான். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள். கண்ணாடி அலமாரியில் வைத்துப் பார்ப்பார்கள். இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் வாங்கிய பொம்மையை அப்படியே வைக்க மாட்டார்கள். தலையைக் கழற்றி, அறுத்து, ஒட்டி, மாவு பிசைந்து வைத்து, வேறு வண்ணம் அடித்து, தங்களுடைய பொம்மையாக மாற்றுவார்கள். என் பேரன் இந்த இரண்டாவது கூட்டம்.

இது எங்கே ஆரம்பித்தது என்று அவன் எனக்கு ஒரு வாரம் வகுப்பு எடுத்தான். நான் நோட்டுப் போட்டுக் குறித்துக்கொண்டேன். (37 வருடம் மற்றவர்களைக் குறிப்பெடுக்க வைத்தவள், ஒரு மாறுதலுக்கு நல்லாத்தான் இருந்தது.)

ஹாங்காங் ஒரு காலத்தில் உலகத்துக்கே பிளாஸ்டிக் பொம்மையும் பிளாஸ்டிக் பூவும் செய்து அனுப்பிய ஊர். பிறகு ஆலைகள் மெல்ல மெல்லச் சீனப் பெருநிலத்துக்கு, குவாங்டோங் பக்கம் போய்விட்டன. ஆனால் பொம்மை செய்யத் தெரிந்தவர்களும் அச்சுக்காரர்களும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தார்கள். அந்த ஊரில் மைக்கேல் லாவ் என்ற ஓவியர். 1990களின் பின்பாதியில் ஒரு இசைக்குழுவின் ஆல்பம் அட்டைக்காக, அமெரிக்க ஜி.ஐ. ஜோ போர்வீரன் பொம்மைகளை எடுத்து, அந்தக் குழுவின் ஆட்களைப் போல மாற்றிச் செய்தார். பட்டாளத்துக்காரன் தெருப் பையனாகிவிட்டான். அங்கிருந்து 'கார்டனர்' என்று ஒரு வரிசையே வந்தது. ஸ்கேட் பலகை, தொளதொளப் பேன்ட், தொப்பி என்று ஹாங்காங் தெருவில் நிற்கிற பையன்கள். 1999-ல் அவற்றைக் கண்காட்சியாக வைத்தார். வடிவமைப்பாளர் பொம்மை என்கிற இந்தக் கலைக்கு அதுதான் தொடக்கம் என்று பலரும் சொல்கிறார்கள். ஆக, ஆரம்பமே இன்னொருவர் செய்த பொம்மையைப் பிரித்து மாற்றியதுதான். பேரன் இதை என்னிடம் மூன்று தடவை சொன்னான். அவன் அம்மாவுக்குக் கேட்கட்டும் என்று சொன்னானோ என்னவோ.

ஜப்பானில் இதற்கு முன்பே வேர் இருந்தது. அங்கே மென்வினைல் பொம்மைகளை 'சோஃபுபி' என்கிறார்கள். 1960களில் தொலைக்காட்சியில் வந்த பூதங்களையும் காட்ஜில்லாவையும் பிள்ளைகளுக்காக அந்த வினைலில் செய்து குவித்தார்கள். அதை வைத்து விளையாடிய தலைமுறை வளர்ந்து தாங்களே செய்ய ஆரம்பித்தது. டோக்கியோவில் பவுன்டி ஹன்டர் என்ற சின்னத் துணிக்கடை ஒன்று. அந்தக் கடையோடு சேர்ந்து, காஸ் என்று கையெழுத்திடுகிற அமெரிக்கச் சுவர் ஓவியர் 1999-ல் 'கம்பேனியன்' என்று ஒரு பொம்மை போட்டார். கண்ணுக்குப் பதில் பெருக்கல் குறி. மொத்தமே 500. இன்றைக்கு அந்த உருவம் கட்டடம் உயரத்துக்கு ஊர் ஊராக நிற்கிறது. 2001-ல் மெடிகாம் என்ற ஜப்பானிய நிறுவனம் 'பேர்பிரிக்' என்று ஒரு கரடியைக் கொண்டுவந்தது. கரடியின் உருவம் மாறவே மாறாது, மேலே அடிக்கிற ஓவியம்தான் ஒவ்வொரு முறையும் வேறு. உயரத்தைச் சதவீதத்தில் சொல்கிறார்கள். 100 சதவீதம் என்றால் 7 சென்டிமீட்டர், 400 என்றால் 28, 1000 என்றால் 70. விகிதக் கணக்குச் சொல்லிக்கொடுக்க நல்ல சாமான்.

அமெரிக்காவில் 2002-ல் பால் பட்னிட்ஸ் என்பவர் கிட்ரோபாட் என்ற நிறுவனம் தொடங்கினார். முயல்காது வைத்த 'டன்னி' அவர்களுடையது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் கிட்ரோபாட் பொம்மைகள் சிலவற்றைத் தன் நிரந்தரச் சேகரிப்பில் வைத்திருக்கிறது. மதினி, இதை மட்டும் அடிக்கோடிட்டு வாசியுங்கள்.

அதே கிட்ரோபாட் போட்ட இன்னொன்றுதான் 'மன்னி'. அதுதான் இந்தக் கதையின் கதாநாயகன். ஏழு அங்குல உயரம். உருண்டைத் தலை, சின்ன உடம்பு, பக்கத்துக்கு ஒரு காது. முழுக்க வெள்ளை. கண் இல்லை, வாய் இல்லை. கடையில் விற்கும்போதே வெறுமையாக விற்கிறார்கள், நீயே என்ன வேண்டுமோ செய்துகொள் என்று. எனக்குப் பார்த்தவுடன் பிடித்துப்போயிற்று. வருட ஆரம்பத்தில் பிள்ளைகள் கொண்டுவருகிற புது அறுபது பக்க நோட்டு ஞாபகம் வந்தது.

இப்போது பிளாஸ்டிக் பாடம். வேண்டாதவர்கள் ஒரு தாவு தாவிக் கீழே போகலாம்.

வீட்டுக்குத் தண்ணீர் வருகிற பிவிசி குழாயும் இந்தப் பொம்மையும் ஒரே பலபடிதான். பாலிவினைல் குளோரைடு. குழாய் கல் மாதிரி இருக்கிறது, பொம்மை அழுத்தினால் கொஞ்சம் அமுங்குகிறது. வித்தியாசம் எதில்? நெகிழ்வூட்டி. பலபடிச் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து உட்கார்ந்துகொண்டு, அவை ஒன்றோடொன்று இறுக்கமாக ஒட்டாமல் வழுக்க வைக்கிற எண்ணெய் போன்ற பொருள். முக்கியமானது என்ன என்றால், அது பலபடியோடு வேதிப் பிணைப்பு எதுவும் கொள்வதில்லை. சும்மா குடியிருக்கிறது. வாடகைக்கு இருக்கிறவர் எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம் இல்லையா, அப்படி. பழைய மழைக்கோட்டு விறைத்துப் போவதும் வெடிப்பதும் அதனால்தான். உங்கள் ஜியாமெட்ரி பாக்ஸை நினைத்துப் பாருங்கள். முழுப்பரீட்சை லீவு முடிந்து திறந்தால், வெள்ளை ரப்பர் பிளாஸ்டிக் ஸ்கேலோடு ஒட்டிக்கொண்டு, பிய்த்தால் ஸ்கேலில் பள்ளம் விழுந்திருக்கும். ரப்பர் என்று நாம் சொல்கிற அந்த அழிப்பான் பல சமயம் நெகிழ்வூட்டி சேர்த்த வினைல்தான். அதிலிருந்த நெகிழ்வூட்டி கிளம்பி ஸ்கேலுக்குள் குடிபுகுந்துவிட்டது. வருடா வருடம் யாராவது ஒருத்தி அழுதுகொண்டே அதை எடுத்து வருவாள்.

நெகிழ்வூட்டிகளில் தாலேட்டு வகை சிலவற்றைக் குழந்தைகள் வாயில் வைக்கக் கூடாது என்று ஐரோப்பாவில் 2005-லும் அமெரிக்காவில் 2008-லும் சட்டம் போட்டு, பொம்மைகளில் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்றார்கள். கைக்குழந்தை உள்ள வீட்டில் எந்த வினைல் பொம்மையையும் எட்டாத இடத்தில் வையுங்கள். இது டீச்சராகச் சொல்வது.

ஏன் ஓவியர்கள் வினைலைப் பிடித்துக்கொண்டார்கள் என்பதற்கும் காரணம் இருக்கிறது. வாளி, டப்பா செய்கிற முறையில் உருக்கிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சில் பீய்ச்சி அடிக்க வேண்டும். அந்த அச்சுக்கு ஆகிற செலவுக்கு ஆயிரக்கணக்கில் விற்றால்தான் கட்டுபடியாகும். சோஃபுபி முறை வேறு. மெழுகில் உருவம் செய்து, அதன் மேல் மின்முலாம் மாதிரியே தாமிரத்தை ஏற்றுகிறார்கள். மெழுகை உருக்கி வெளியே எடுத்தால் உள்ளே கூடான தாமிர அச்சு கிடைக்கும். அதில் வினைல் கூழை ஊற்றி, சூடான எண்ணெயில் முக்குகிறார்கள். அச்சின் சுவரை ஒட்டிய கூழ் மட்டும் கெட்டிப்படும், நடுவில் திரவமாகவே இருப்பதைத் திரும்பக் கொட்டிவிடுவார்கள். மறுபடி சூடு. பிறகு குறடு போட்டுச் சின்ன வாய் வழியாக ஒரே இழு. வாய் சிறிது, தலை பெரிது, ஆனாலும் சூட்டில் வினைல் துவண்டு சுருங்கி வெளியே வந்து பழைய உருவத்துக்கு விரிந்துகொள்கிறது. பேரன் ஒரு வீடியோ காட்டினான். ஜப்பானில் ஒரு வயதானவர் மளமளவென்று இழுத்து இழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். பிரசவ வார்டு மாதிரி இருந்தது எனக்கு. அச்சு மலிவாக முடிவதால் ஒருத்தர் நூறு பொம்மை மட்டும் போட்டு விற்க முடிகிறது. அதனால்தான் தனி ஓவியர்கள் இதில் பிழைக்க முடிந்தது.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

என் மகளுக்கு இந்தப் பொம்மை மேல் இருந்த கோபத்தில் நியாயம் இருந்தது. இரண்டு வருடம் முன்னால் பேரனை முதலில் பிடித்தது வெள்ளைப் பொம்மை இல்லை, மூடிய பெட்டி. உள்ளே எது இருக்கிறது என்று தெரியாமல் வாங்க வேண்டும். இப்போது உலகம் முழுக்கத் தெரிந்த லபுபு அப்படித்தான் விற்கிறது. அதை வரைந்த காசிங் லுங் ஹாங்காங்கில் பிறந்து நெதர்லாந்தில் வளர்ந்தவர். வடக்கு ஐரோப்பிய நாட்டுப்புறக் கதைகளில் வரும் குட்டிப் பூதங்களை மனதில் வைத்து 2015-ல் அவர் படைத்த கூட்டத்தில் ஒன்று லபுபு. சீனாவின் பாப் மார்ட் நிறுவனம் 2019-ல் அதைத் தன் கையில் எடுத்தது. 2025 ஜூனில் பெய்ஜிங்கில் ஆள் உயர லபுபு ஒன்று 10 லட்சத்து 80 ஆயிரம் யுவானுக்கு ஏலம் போயிற்று. அதையெல்லாம் கேட்டு நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஒரு வரிசையில் பல நிறம் இருக்கும், ஒன்று மட்டும் ரகசியம். சில வரிசைகளில் அந்த ரகசியம் 72 பெட்டிக்கு ஒன்று என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறார்கள். அப்படியானால் 72 பெட்டி வாங்கினால் கிடைத்துவிடும் என்றுதானே பிள்ளைகள் நினைப்பார்கள்? பேரனை உட்கார வைத்துக் கணக்குப் போடச் சொன்னேன். ஒரு பெட்டியில் கிடைக்காமல் போக 71/72 வாய்ப்பு. தனித்தனியாக 72 தடவை எடுத்தால் அதை 72 தடவை பெருக்க வேண்டும். 0.37 வருகிறது. நூறு பேர் ஆளுக்கு 72 பெட்டி வாங்கினால், அதில் 37 பேர் வெறுங்கையோடு போவார்கள். கால்குலேட்டரை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். ஆனால் இந்தக் கணக்கு நான் வருவதற்கு முன்னாலேயே அவனுக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது. தீபாவளிக்கும் பிறந்தநாளுக்கும் வந்த பணம் 140 வெள்ளியை இரண்டே வாரத்தில் பெட்டிகளில் விட்டிருக்கிறான். மகள் எல்லாவற்றையும் மூட்டை கட்டிச் சாமான் அறையில் போட்டுப் பூட்டினாள். பூட்டியது சரி. அதை நான் அவனிடமும் சொன்னேன். ஆனால் மூடிய பெட்டியும் வெள்ளைப் பொம்மையும் ஒன்றில்லை என்பதை மகளிடமும் சொன்னேன். ஒன்றில் அடுத்தவன் என்ன வைத்திருக்கிறான் என்று காத்திருக்கிறோம். மற்றதில் உள்ளே எதுவுமே இல்லை என்று தெரிந்து வாங்குகிறோம்.

இங்கே படிப்பு முறையைச் சித்தப்பாவுக்குச் சொல்லிவிட வேண்டும். பத்தாவதுக்குச் சமமான சாதாரண நிலைத் தேர்வு முடிந்ததும் இரண்டு வழி. தொடக்கக் கல்லூரிக்குப் போய் இரண்டு வருடம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகம் போகலாம். அல்லது பலதுறைத் தொழிற்கல்லூரியில் மூன்று வருடம் பட்டயப் படிப்பு முடித்து வேலைக்கும் போகலாம், பல்கலைக்கழகத்துக்கும் போகலாம். நம் ஊரில் பாலிடெக்னிக் என்றால் மார்க்கு வராத பிள்ளைக்கு என்று ஒரு நினைப்பு இருக்கிறது. (நம் ஊரிலும் அது தப்பு நினைப்பு. என்னிடம் படித்துப் பாலிடெக்னிக் போன பிள்ளைகள் இன்றைக்கு எங்கெங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.) இங்கே பல பிள்ளைகள் தொடக்கக் கல்லூரிக்கு மதிப்பெண் இருந்தும் அதை விட்டுவிட்டு இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதிலும் ஒரு பிரிவு இருக்கிறது. தேர்வுக்கு முன்னாலேயே, பிள்ளைக்கு அந்தத் துறையில் உண்மையான நாட்டம் இருக்கிறதா என்று செய்த வேலைகளைப் பார்த்து, நேர்காணல் வைத்து இடம் தருவார்கள். பேரன் பொருள் வடிவமைப்புக்கு விண்ணப்பித்தான். வீட்டில் யாருக்கும் சொல்லாமல் இல்லை. சொல்லித்தான் செய்தான். மகளும் மாப்பிள்ளையும் ஒரு வாரம் அவனிடம் பேசவில்லை. அவர்கள் இருவரும் தொடக்கக் கல்லூரி என்று மனதில் கோட்டை கட்டி வைத்திருந்தார்கள். நான் நடுவில் இட்லியைப் பரிமாறிக்கொண்டு இருந்தேன்.

நேர்காணலுக்குக் கொண்டுபோக ஒரு புது வேலை வேண்டும். பூட்டிய அறையிலிருந்து ஒரே ஒரு மன்னியை மட்டும் கேட்டு வாங்கினான். மகள் கொடுத்தாள், பேசாமலே.

என்ன செய்யலாம் என்று இரண்டு நாள் யோசித்தான். டிராகன், ரோபோ என்று ஏதோ வரைந்தான், கிழித்தான். மூன்றாம் நாள், "ஆச்சி, கொலுவில கடை வச்சிருப்பாரே, அவர் பேரு என்ன?" என்றான். செட்டியார் பொம்மை. உங்கள் வீட்டுப் படியிலும் இருக்கும். வழுக்கைத் தலை, தொப்பை, காதில் கடுக்கன், சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் அவர் சம்சாரம். முன்னால் நாம் அரிசி, பருப்பு, மிளகாய் வற்றல் எல்லாம் சின்னச் சின்னதாகப் பரப்புவோம். இங்கே மகள் வீட்டுக் கொலுவிலும் தேக்காவில் வாங்கிய ஒரு ஜோடி இருக்கிறது. ஏன் அவரை என்று கேட்டேன். "எல்லாச் சாமியும் நிக்குது, ஆசீர்வாதம் பண்ணுது. இவர் ஒருத்தர்தான் வேலை பாக்குறாரு" என்றான்.

வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் பாத்திரம் துலக்கும் சோப்புப் போட்டுப் பொம்மையைக் கழுவ வேண்டும். அச்சிலிருந்து வந்த பிசுக்கு இருந்தால் வண்ணம் பிடிக்காது. அடுத்து, முடி உலர்த்துகிற டிரையரால் கழுத்தில் சூடு காட்டினால் வினைல் இளகி, தலை 'பொளக்' என்று கையோடு வந்துவிடும். மன்னி நிற்கிற பொம்மை, செட்டியார் உட்கார வேண்டும். காலைச் சூடு காட்டி அறுத்துவிட்டு, கம்பியை வளைத்துச் சம்மணக் கால் கட்டினான். மேலே பூசுவதற்கு இரண்டு டப்பா மாவு. சம அளவு எடுத்துப் பிசைந்தால் வேதிவினை தொடங்கும், ஒரு நாளில் கல்லாகிவிடும். நம் வீட்டில் குழாய் ஒழுகினால் அடைப்போமே எம்-சீல், அதே இன எப்பாக்சி, மெதுவாக இறுகுகிற வகை. தொப்பை, மடிப்பு வேட்டி, கடுக்கன் எல்லாம் அதில்தான்.

மூன்றாம் நாள் தொப்பையில் விரிசல். காரணம் யோசித்துப் பாருங்கள் பிள்ளைகளே. உள்ளே கூடு, மேலே கல். பிடிக்கும்போது வினைல் அமுங்குகிறது, கல் அமுங்காது, வெடிக்கிறது. மாவைச் சுரண்டி எடுத்துவிட்டு, உடம்புக்குள் அலுமினியத் தாளையும் மீன்தொட்டிக் கூழாங்கல்லையும் அடைத்து விறைப்பாக்கினான். அடிப்பக்கம் கனம் வந்ததால் தலைகுப்புறச் சாய்வதும் நின்றது. பிறகு உப்புத்தாள். தண்ணீர் தொட்டு, நானூறாம் எண், எண்ணூறாம் எண் என்று. தூசி மூக்கில் போகக் கூடாது என்று முகக்கவசத்தை நான் எடுத்துக்கொடுத்தேன். கோவிட் காலத்து மிச்சம் இன்னும் எல்லார் வீட்டிலும் இருக்கிறது.

வண்ணத்தில்தான் பெரிய சோதனை. அவசரத்தில் இரும்புச் சாமான் கடையில் ஒரு எனாமல் ஸ்பிரே டப்பா வாங்கி அடித்துவிட்டான். மாவு இருந்த இடம் எல்லாம் காய்ந்துவிட்டது. வினைல் இருந்த இடம், முகம், கை, காயவே இல்லை. மின்விசிறிக்கு முன்னால் வைத்தான், வெயிலில் வைத்தான். ஒன்பது நாள் ஆயிற்று, தொட்டால் கைரேகை பதிகிறது. நேர்காணலுக்குப் பதினாறு நாள் இருந்தது. அன்றைக்கு இரவு பதினொரு மணிக்கு என் அறைக் கதவைத் தட்டி, "ஆச்சி, ஏன் ஒரு பக்கம் மட்டும் காய மாட்டேங்குது?" என்று நின்றான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. இருபது வருடத்துக்கு முன் வரை இதே முகத்தைச் செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள் ஆய்வகத்தில் பார்த்திருக்கிறேன்.

மேசை டிராயரைத் துழாவி ஒரு ரப்பரையும் ஸ்கேலையும் எடுத்து அவன் கையில் கொடுத்தேன். மேலே சொன்ன பாடம் முழுவதும் அந்த ராத்திரி நடந்ததுதான். வினைலுக்குள் குடியிருந்த நெகிழ்வூட்டி, புதிதாக வந்த எனாமல் படலத்துக்குள் புகுந்து அதையும் இளக வைத்துக்கொண்டிருக்கிறது. மாவில் அப்படி எதுவும் இல்லை, அதனால் அங்கே காய்ந்தது. ஒன்பது நாள் இல்லை, ஒன்பது மாதம் வைத்தாலும் பிசுபிசுப்பு போகும் என்று நம்ப முடியாது. அவன் பதில் பேசவில்லை. அழித்துவிட்டு ஆரம்பிக்கலாம் என்று மட்டும் சொன்னான். நகப்பூச்சு அழிக்கிற அசிட்டோனைத் துணியில் தொட்டு, சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்து எடுத்தான். ஊறவிட்டால் வினைலே இளகிவிடும், துடைத்தவுடன் கழுவிவிட வேண்டும். இரண்டு இரவு ஆயிற்று. பிறகு தண்ணீரில் கரைகிற அக்ரிலிக் வண்ணம், ஒவ்வொரு பூச்சும் பாலாடை மாதிரி மெல்லிசாக, ஆறேழு பூச்சு.

இதெல்லாம் நடக்கும்போது மகள் கூடத்தில் டிவி பார்ப்பதுபோல் உட்கார்ந்திருப்பாள். சத்தம் குறைவாக வைத்திருப்பாள். உப்புத்தாள் போடுகிற சத்தம் நின்றால் திரும்பிப் பார்ப்பாள். ஒரு நாள் காலையில் எழுந்து வந்தால் சாப்பாட்டு மேசையில் ஆறு குட்டிச் சாக்குப் பைகள் இருந்தன. பழைய வேட்டியைக் கிழித்து, கட்டைவிரல் அளவில், வாயில் நூல் கோத்துச் சுருக்கு வைத்துத் தைத்தவை. செட்டியாருக்குப் பருப்பு வைக்க. யார் தைத்தது என்று யாரும் கேட்கவில்லை. ஒன்றில் உளுந்து, ஒன்றில் பாசிப்பயறு, ஒன்றில் மிளகு என்று பேரன் நிரப்பினான். வேலைக்குக் கிளம்பும்போது அவள், "கடுகு போட்டா அளவு சரியா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அவனிடம் பேசிய முதல் வாக்கியம்.

நேர்காணலில் மூன்று பேர் இருந்தார்களாம். அழகாக இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லையாம். எங்கே தப்பு நடந்தது, எப்படிச் சரிசெய்தாய் என்பதைத்தான் துருவித் துருவிக் கேட்டார்களாம். விரிசல் விட்ட தொப்பையின் படம், பிசுபிசுத்த முகத்தின் படம் எல்லாம் எடுத்து வைத்திருந்தான். நெகிழ்வூட்டி விஷயத்தை முழுக்கச் சொல்லியிருக்கிறான். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டதற்கு, என் பாட்டி வேதியியல் ஆசிரியர் என்றானாம். (இந்த ஒரு வரிக்காகத்தான் நான் இவ்வளவு நீளம் எழுதுகிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.)

இடம் கொடுத்திருக்கிறார்கள், நிபந்தனையோடு. சாதாரண நிலைத் தேர்வில் கேட்கிற மதிப்பெண் வர வேண்டும். வராவிட்டால் இடம் இல்லை. ஆகவே இப்போது வண்ண டப்பா எல்லாம் மறுபடியும் பூட்டிய அறையில் இருக்கிறது. இந்தத் தடவை பூட்டிச் சாவியை அம்மாவிடம் கொடுத்தது அவனே. கணக்கில் இன்னும் தேற வேண்டும், எனக்குக் கவலை இருக்கிறது. மாப்பிள்ளைக்கு முழுச் சம்மதம் வந்துவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். "மூணு வருஷம் கழிச்சுப் பொம்மை செஞ்சா சம்பாதிக்கப் போறான் அத்தை?" என்று போன ஞாயிறுகூடக் கேட்டார். நியாயமான கேள்வி. பொருள் வடிவமைப்பு என்றால் நாற்காலி, மருத்துவக் கருவி, பிரஷர் குக்கரின் கைப்பிடி எல்லாம்தான், பொம்மையும் ஒன்று என்றேன். யோசிக்கிறார்.

இவ்வளவுதான் மதினி, சித்தப்பா, விஷயம். அடுத்த கல்யாணத்தில் மகளைப் பார்த்தால் பையன் எப்படி இருக்கிறான் என்று கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்வாள்.

இனி என் வேண்டுகோள். செட்டியார் தயார், இந்த வருடக் கொலுவில் ஏறுகிறார். செட்டியாரம்மாள் இல்லாமல் தனியாக உட்கார்ந்திருக்கிறார். தேர்வு முடிந்ததும் அந்த அம்மாளைச் செய்ய வேண்டும் என்று பேரன் சொல்கிறான். இங்கே தேக்காவில் கிடைப்பது எல்லாம் புது அச்சு, சேலைக்கட்டு பொதுவாக இருக்கிறது. உங்கள் யார் வீட்டிலாவது பாட்டி காலத்துச் செட்டியாரம்மாள் பொம்மை இருந்தால், பெட்டியிலிருந்து இறக்கும்போது முன்பக்கம், பின்பக்கம், இரண்டு பக்கவாட்டு என்று நாலு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுங்கள், அளவு தெரிய வேண்டும். பின்கொசுவம் எப்படி விழுகிறது என்பது தெளிவாகத் தெரிந்தால் நல்லது. மூக்கு உடைந்த பொம்மையானாலும் பரவாயில்லை.